ஒரு தச்சரின் நீதி

(விருத்தாசலத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிறரைச் சரியாகத் தீர்ப்பிடுவது, நேர்மையாக வாழ்வது, இவற்றைப் பற்றிக் கிறித்தவம் என்ன கற்பிக்கிறது என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். கேட்பதற்கு இரண்டு தலைப்பு போல இருக்கிறது. எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. ஒருவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது, பிறருடைய குற்றம் ஒன்று அவர் கைக்கு வந்து சேரும் நாளில் தெரிந்துவிடும்.

இதைப் பேச எங்கும் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மங்கலம்பேட்டைப் பக்கம், முகாசபரூரை ஒட்டி இருக்கிற கோணான்குப்பம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டே தமிழ் மண்ணுக்கு வந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் அங்கே மரியன்னைக்குக் கோயில் எழுப்பினார். அன்னைக்குச் சேலை உடுத்தித் தமிழ்ப் பெண்ணாக நிறுத்தினார். பெரியநாயகி என்று பெயர் வைத்தார். நம் ஊர் விருத்தகிரீசுவரர் கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மனுக்கும் அதே பெயர். இங்கே கேட்ட பெயரைத்தான் அவர் அங்கே வைத்தார் என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். தை மாதத்தில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் போகிறோம்.

அந்த முனிவர் 1726இல் முடித்த காவியம் தேம்பாவணி. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 விருத்தம். காவியத் தலைவன் யார்? இயேசு அல்லர். மரியாவின் கணவர், தச்சர், சூசை. வளன் என்று தமிழ்ப்படுத்தினார் முனிவர். நற்செய்தி நூல்கள் நான்கிலும் தேடிப் பாருங்கள், இந்தச் சூசை, இந்த யோசேப்பு, வாய் திறந்து சொன்ன ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. பேசாத ஒருவரைத் தலைவராக்கி மூவாயிரத்துச் சொச்சம் பாட்டுப் பாடத் துணிவு வேண்டும். மத்தேயு தம் முதல் இயலில் அவரை நேர்மையாளர் என்று அழைத்து, உடனே அந்த நேர்மை எப்படி நடந்துகொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறார். இன்றைய பேச்சு முழுவதையும் அந்த இடத்தில்தான் நிறுத்தப் போகிறேன்.

நிலைமையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மரியா யோசேப்புக்கு மண ஒப்பந்தம் ஆன பெண். கூடி வாழத் தொடங்கவில்லை. அதற்குள் அவர் கருவுற்றிருக்கிறார். பிள்ளை தம்முடையது இல்லை என்பது யோசேப்புக்கு உறுதியாகத் தெரியும். யாரோ வந்து காதில் ஓதிய வதந்தி இல்லை இது, அவரே சாட்சி. அன்றைய யூதச் சட்டத்தில் மண ஒப்பந்தம் என்பது நம் ஊர் நிச்சயதார்த்தம் மாதிரி இல்லை. அதை முறிக்க மணவிலக்குச் சீட்டு எழுத வேண்டும். ஒப்பந்தமான பெண் தவறினால் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 22ஆம் இயலில் எழுதி வைத்திருக்கிறது. ஊரைக் கூட்டி முறையிட்டிருந்தால் ஊர் அவர் பக்கம் நின்றிருக்கும். அவர் பெயருக்கு ஒரு களங்கமும் வந்திருக்காது.

அவர் எடுத்த முடிவு வேறு. அந்தப் பெண்ணை ஊரார் முன் இழிவுபடுத்த மனமில்லாமல், ஓசையில்லாமல் விலக்கிவிடலாம் என்று நினைக்கிறார். நினைத்ததோடு நிற்கிறார். அன்றிரவு உறங்கப் போகிறார். கனவில் வானதூதர் வந்து உண்மையைச் சொல்கிறார்.

யோசேப்பின் கையில் இருந்த சான்று சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. பிள்ளை தம்முடையது இல்லை என்பது உண்மைதான். மரியா குற்றவாளி என்பது உண்மை இல்லை. நம் வாழ்க்கையில் நடக்கும் தவறான தீர்ப்புகளில் பாதிக்குமேல் இந்த வகைதான். பொய்யை நம்பி ஏமாறுகிறோம் என்பதைவிட, உண்மையான ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். யோசேப்பும் நிரப்பினார். ஆனால் நிரப்பியதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலையே பொங்கி எழுந்து தெருவில் இறங்கியிருந்தால், இரவில் வானதூதர் வந்து என்ன பயன்? திருத்திக்கொள்ள வழியில்லாத இடத்துக்குத் தீர்ப்பைக் கொண்டுபோகாமல் நிறுத்தி வைத்தாரே, அதைத்தான் மத்தேயு நேர்மை என்கிறார்.

இன்னொரு பாதியும் உண்டு. அதை மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. உண்மை தெரிந்ததும் அவர் விழித்தெழுந்து மரியாவை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். நாசரேத்து சின்ன ஊர். மாதக் கணக்கைப் பெண்கள் விரல்விட்டு எண்ணியிருப்பார்கள். இனி அந்தப் பேச்சு யோசேப்பின் தலையிலும் விழும். விழட்டும் என்று ஏற்றுக்கொண்டார். தீர்ப்பைத் திருத்திக்கொள்வது ஒரு படி. திருத்திக்கொண்டதற்கான விலையைத் தாமே கொடுப்பது அடுத்த படி. மன்னிப்புக் கேட்பதோடு முடித்துக்கொள்ளும் நமக்கு இந்த இரண்டாம் படிதான் ஏற முடியாததாக இருக்கிறது.

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைதான் பின்னாளில் மலைமேல் உட்கார்ந்து தீர்ப்பிடுவதைப் பற்றிப் பேசியது. மத்தேயு 7ஆம் இயல். அடுத்தவன் கண்ணில் இருக்கும் துரும்பையும் தன் கண்ணில் கிடக்கும் மரக்கட்டையையும் பற்றிய பேச்சு. தச்சுப்பட்டறையில் வளர்ந்தவருக்குத்தான் அது தோன்றும். இழைப்புளி ஓட ஓடச் சீவலும் தூளும் பறக்கும். கண்ணில் தூள் விழாத நாள் தச்சனுக்குக் கிடையாது. விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்தான் எடுத்துவிட வேண்டும். தன் கண்ணில் தானே எடுக்க முடியாது. எடுப்பவர் கண் தெளிவாக இருக்க வேண்டும், கை மெதுவாக இருக்க வேண்டும், வெளிச்சத்தில் வைத்து எடுக்க வேண்டும். இயேசு துரும்பே இல்லை என்று சொல்லவில்லை. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொல்லவில்லை. முதலில் உன் கட்டையை எடு, பிறகு அவன் துரும்பை எடுக்க உனக்குக் கண் தெரியும் என்கிறார். துரும்பு வெளியே வர வேண்டும் என்பதுதான் பேச்சின் நோக்கம்.

தீர்ப்பிடக் கூடாது என்ற வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, யார் என்ன செய்தாலும் கண்டுகொள்ளாமல் இருப்பதே கிறித்தவம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் தம்மைப் பிறர் கேள்வி கேட்கும்போதுதான் அந்த வரி அவர்கள் நினைவுக்கு வருகிறது. அதே ஏழாம் இயலில் போலி இறைவாக்கினரைக் கனியைக் கொண்டு அடையாளம் காணச் சொல்கிறார் இயேசு. தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்பிடாமல் நீதியோடு தீர்ப்பிடச் சொல்வதும் அவர்தான், யோவான் 7இல். அண்டை வீட்டானை உன்னைப் போல் நேசி என்னும் புகழ்பெற்ற கட்டளை முதன்முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். லேவியர் நூல் 19ஆம் இயல். அதற்குச் சற்று மேலே நீதிமன்றம் பற்றிய பேச்சு: ஏழை என்று இரங்கிச் சாயாதே, பணக்காரன் என்று மதித்துச் சாயாதே. அடுத்து, சகோதரனை உள்ளுக்குள் வெறுக்காதே, தவறு செய்தால் நேரே கண்டித்துவிடு. அதற்குப் பிறகுதான் அன்பு. நேருக்கு நேர் கண்டிப்பதை அன்பின் பக்கத்து வீட்டில் குடிவைத்திருக்கிறது அந்த நூல்.

கண்டிக்கும் முறையை மத்தேயு 18 படிப்படியாகச் சொல்கிறது. முதலில் நீயும் அவனும் மட்டும் தனியாக. கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ அழைத்துப் போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நம் பங்குகளிலும், அன்பியங்கள் என்னும் சிறு கிறித்தவக் குழுக்களிலும் இன்று நடப்பது என்ன? முதலில் வாட்ஸ்அப் குழு. பிறகு கமிட்டி. கடைசியில், போனால் போகிறது என்று, சம்பந்தப்பட்டவர். படிகள் அதேதான், தலைகீழாக ஏறுகிறோம்.

கேட்காமல் தீர்ப்பிடக் கூடாது என்பதை நம் நாட்டில் தொழிலாகவே வாழ்ந்து காட்டிய ஒரு கத்தோலிக்கரை இங்கே நினைக்க வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூரில் 1826இல் பிறந்தவர். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டவர் என்றே பள்ளியில் படிக்கிறோம். அவருடைய பிழைப்பு எழுத்து இல்லை, தீர்ப்பு. 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார், பிறகு சீர்காழி, பிறகு மாயூரம். 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் கிடந்த உயர் வழக்காடு மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். தமிழ் பேசுகிறவன் வழக்கைத் தமிழில் விசாரித்துத் தமிழில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நாவலுக்குள்ளேயே வாதாடினார். யோவான் நற்செய்தியில் நிக்கதேம் என்றொருவர் வருகிறார். இயேசுவைப் பிடித்துவரச் சொல்லித் தலைவர்கள் கொதிக்கும்போது, ஒருவனை விசாரிக்காமல் நம் சட்டம் தீர்ப்பிடுமா என்று அவர் ஒருவர்தான் கேட்கிறார். வேதநாயகம் பிள்ளையின் உழைப்பு அந்தக் கேள்வியின் தமிழ் நீட்சி. குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தன் வழக்கே விளங்காவிட்டால் அது விசாரணையே இல்லை.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். யோசேப்பின் அமைதியைக் காவியமாக்கிய அதே வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை எதிர்த்து எழுதியவற்றில் அமைதி இல்லை. 1706இல் லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதையும் 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டதையும் நீங்கள் அறிவீர்கள். லுத்தரன் சபையார் ஊர் ஊராக நூல்களை அனுப்பினார்கள். முனிவர் பதிலுக்கு வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று எழுதினார். கடுமையான எழுத்து. எதிர்ப்பக்கம் இருந்தவர்களும் கத்தோலிக்கரைப் பற்றி மென்மையாக எழுதியவர்கள் இல்லை. ஐரோப்பாவில் இரண்டு நூற்றாண்டு ஓடிய ஒரு சண்டை கப்பலேறி வந்து நம் காவிரிக் கரையில் இறங்கியது. இரண்டு தரப்பும் தமிழுக்குச் செய்தது பெரிது. இரண்டு தரப்பும் ஒருவரைப் பற்றி ஒருவர் கொடுத்த தீர்ப்புகள் பெரிதும் பாதித்தது, இங்கிருந்த ஏழைக் கிறித்தவர்களை. ஒரே தெருவில் குடியிருந்தவர்கள் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு ஒருவர் போக யோசித்தார்கள்.

முனிவரை நாம் எப்படித் தீர்ப்பிடுவது? அவர் எழுதிய நல்லதைக் காட்டி இதை மறைப்பதும் சரியில்லை, இதைக் காட்டி அவரைத் தூக்கியெறிவதும் சரியில்லை. ஊர் ஊராகப் போய் மறை கற்பித்த வேதியர்களின் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று 'வேதியர் ஒழுக்கம்' என்றொரு உரைநடை நூலையே எழுதியவர் அவர். பிறருக்குக் கற்பிப்பவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற கவலை அவருக்கு ஆழமாக இருந்தது. இருந்தும் எதிராளியின் மேல் பேனாவை வைத்தபோது அந்தக் கவலை கையை விட்டுப் போனது. அவ்வளவு பெரியவருக்கே போனது என்றால் நமக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தப் பழைய தீர்ப்புகள் பின்னர் மறுவிசாரணைக்கு வந்தன. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. பாவியான மனிதன் கடவுள் முன் எப்படி நீதிமான் ஆகிறான் என்பதே அந்த அறிக்கையின் பொருள். கடவுளின் அருளால்தான், தன் தகுதியால் இல்லை, என்று இரண்டு சபைகளும் சேர்ந்து அறிக்கையிட்டன. அதில் சொல்லப்பட்டபடியான போதனையின் மேல், பதினாறாம் நூற்றாண்டில் ஒருவரை ஒருவர் சபித்த கண்டனங்கள் விழாது என்றும் ஒப்புக்கொண்டன. எப்படி முடிந்தது? பல ஆண்டுகள் எதிரெதிரே உட்கார்ந்து, மற்றவர் சொன்னதை அவர் சொன்ன பொருளிலேயே கேட்டார்கள். நானூறு ஆண்டுத் தீர்ப்பும் திரும்ப எழுதக்கூடியதே.

இந்த நகரத்தில் நின்று பேசுகையில் இதை உங்கள் செராமிக் தொழிலை வைத்தே சொல்லத் தோன்றுகிறது. சிறிய பட்டறை ஒன்றில், மின் உருகியைத் தாங்கும் பீங்கான் பியூஸ் கேரியர்களைத் தரம் பிரிக்கும் மேசை அருகே நின்று பார்த்தேன். ஒரு அம்மா ஒவ்வொன்றாக எடுத்து இன்னொன்றோடு மெதுவாகத் தட்டிக் காதால் பிரித்து வைத்தார். "பார்த்தா எல்லாம் ஒண்ணுதான் சார், மேல வெள்ளையா கிளேஸ் மூடிடும். தட்டினா சொல்லிடும்" என்றார். கணீர் என்றால் ஒரு பக்கம், மந்தமாக விழுந்தால் இன்னொரு பக்கம். மந்தமானதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உடைத்துப் போட வேண்டியதுதான் என்றார். அறைக்கு அந்தப் பக்கம், சூளைக்குப் போகாத பச்சை உருப்படிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் விரிசல் கண்டதை மட்டும் ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டிருந்தார்கள். அவை கரைந்து மறுபடி மண்ணாகி, மறுபடி அச்சுக்குப் போகும். 600 பாகை செல்சியஸ் அளவில் களிமண்ணின் உள்ளே பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதற்குமேல் எந்தத் தண்ணீரும் அதைக் கரைக்காது.

எரேமியா நூலில் இந்த இரண்டும் அடுத்தடுத்த இயல்களில் வருகின்றன. 18ஆம் இயலில் குயவர் கையில் கெட்டுப்போன ஈரமண் வேறொரு கலமாகிறது. 19ஆம் இயலில் சுட்ட கலயம் ஒன்று ஒட்டவைக்க முடியாதபடி உடைக்கப்படுகிறது. மனிதனை எப்போது சுட்டு முடிந்த கலயம் என்று முடிவு கட்டுவது என்பது கடவுளுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. நாமோ "அவன் அப்படித்தான், திருந்த மாட்டான்" என்று பதினைந்து வயதுப் பையனைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். குடிப்பவரை, கடன் வாங்கித் திருப்பாதவரை, வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த பெண்ணைப் பார்த்துச் சொல்கிறோம். செயலைக் குற்றம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஆளைச் சூளையில் வைத்து முடிக்க உரிமை இல்லை. விபசாரத்தில் பிடிபட்டதாகக் கொண்டுவந்து நிறுத்திய பெண்ணிடம் இயேசு செய்தது, செயலையும் ஆளையும் இப்படிப் பிரித்துப் பார்த்ததுதான். சட்டம் இருவரையும் தண்டிக்கச் சொல்கிறது. அவர்கள் பெண்ணை மட்டும் இழுத்து வந்திருந்தார்கள். சாட்சி சொன்னவனே முதல் கல்லை எறிய வேண்டும் என்பதும் சட்டம். அதை அவர்களுக்கு நினைவூட்டினார், பாவமில்லாதவன் எறியட்டும் என்ற நிபந்தனையோடு. கூட்டம் கலைந்ததும், செய்தது சரி என்று அவளிடம் சொல்லவில்லை. தண்டிக்கவில்லை, இனிப் பாவம் செய்யாதே என்று அனுப்பினார்.

கடைசியாக, நம் வட்டாரத்திலேயே கிடக்கும் ஒரு தீர்ப்பைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் நான் நேர்மையாகப் பேசியதாக ஆகாது. யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் இயலில், பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கையும் கந்தல் உடுத்தியவருக்குக் கால்மாட்டில் இடமும் கொடுக்கும் சபையைத் தவறான தீர்ப்பிடும் நடுவர்கள் என்று கடிகிறார். தமிழகத்தில் அந்த இருக்கைப் பங்கீடு சாதியால் நடந்திருக்கிறது. இங்கிருந்து அதிக தூரம் இல்லாத எறையூரில், தனிக் கல்லறை உள்ளிட்ட பாகுபாடுகளைத் தாங்க முடியாமல், தலித் கிறித்தவர்கள் தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் செத்தவர்களும் ஒரே மாதாவுக்குச் செபமாலை சொன்னவர்கள். தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை அது.

சாதி என்பது விசாரணை இல்லாத தீர்ப்பு. பிள்ளை பிறந்த அன்றே எழுதி முடித்துவிடுகிறார்கள். குற்றச்சாட்டு இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. இறந்த பிறகும் கல்லறையில் அமலாகிறது. மரியாவின் மேல் யோசேப்புக்கு ஐயம் வர ஒரு காரணமாவது இருந்தது. இதற்கு அதுகூட இல்லை. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது பெரிய காரியம். ஆனால் நாம் யோசேப்பின் முதல் படியில்தான் நிற்கிறோம். உண்மை தெரிந்த பிறகு அவர் எழுந்து போய் அழைத்து வந்தார், பேச்சையும் தம்மேல் ஏற்றுக்கொண்டார்.

இங்கே பங்குப் பேரவை உறுப்பினர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பங்கில் கல்லறை இரண்டாக இருந்தால், தேர்ப் பவனி சில தெருக்களுக்குப் போகாமல் திரும்பினால், பாடகர் குழுவிலும் பீடச் சிறுவர்களிலும் சில குடும்பத்துப் பிள்ளைகளே தொடர்ந்து இருந்தால், அதை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வையுங்கள். தீர்மானத்தை முன்மொழிபவர் இதுவரை முன்வரிசையில் இடம் பெற்றவராக இருக்கட்டும். உங்கள் சொந்தக்காரர்கள் உங்களோடு பேச்சை நிறுத்தக்கூடும், திருமணத்துக்கு அழைக்காமல் விடக்கூடும். அந்த விலையை நீங்கள் கொடுங்கள். அடுத்த தெருக்காரர்கள் மறுபடி ஒரு மனு எழுதிக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவர்கள் எழுதிய மனுக்கள் ஆலய அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.